மாவுக்கட்டுக்காரருக்கு ஒரு முகம்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் பெயர் கிடையாது. சம்பளப் பட்டியலில் ஏதோ ஒன்று இருக்கும். மற்றபடி வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் ‘மாவுக்கட்டு’தான். “மாவுக்கட்டு சாப்பிடப் போயிருக்கார்”, “மாவுக்கட்டுக்குக் கோபம் வந்துடுச்சு, கொஞ்சம் பொறுத்து வாங்க” என்பார்கள். நான் அதே ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் சிஸ்டர். என்னை யாராவது ‘மிஸஸ் மாவுக்கட்டு’ என்று கூப்பிட்டால் மட்டும், அவர்களுக்கு ஒரு வாரத்துக்கு என்னிடமிருந்து பேனாகூட இரவல் கிடைக்காது.

உடைந்த எலும்பை டாக்டர் இழுத்துச் சேர்த்துப் பிடிப்பார். இவர் மாவு தடவிய துணிப்பட்டையைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, சுற்றி, வழவழவென்று தடவிவிடுவார். கொஞ்ச நேரத்தில் அது கல்லாக இறுகிவிடும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. இந்த வேலைக்கு இவர் வந்ததே சண்டை போட்டுத்தான். பத்தொன்பது வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். போட்ட கட்டு கோணலாக இருக்கிறது என்று தினமும் வந்து புகார் சொல்லியிருக்கிறார். பத்தாவது நாள் எலும்பு டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. “அவ்வளவு தெரிஞ்சா நீயே வந்து போடேன்யா!” என்று கத்தினாராம். இவர் மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து நின்றுவிட்டார்.

என்னைப் பெண் பார்த்த கதையும் அதே அறையில்தான். பயிற்சிக் காலத்தில் ஒரு நோயாளியை அழைத்துப் போனேன். “காலைப் பிடிம்மா. நான் சொல்ற வரைக்கும் விடாத” என்றார். பிடித்தேன். அவர் வேலை முடித்து, கைகழுவி, டீ குடிக்கவும் போய்விட்டார். விடச் சொல்ல மறந்துவிட்டார். நான் இருபது நிமிடம் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து பார்த்தவர், அன்று மாலையே என் அப்பாவின் முகவரி கேட்டார். இதைக் காதல் என்று சொல்லலாமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

வீட்டிலும் கை சும்மா இருக்காது. எங்கள் சமையலறைக் குழாய்க்கு மாவுக்கட்டு போட்டிருக்கிறது, தேதியும் கையெழுத்தும் சகிதம். ஆடுகிற நாற்காலிக்கு முழங்கால் கட்டு. மகளின் பொம்மைகளில் நல்ல கைகால் உள்ளது ஒன்றுகூட இல்லை. “அப்பா, இவளுக்கு ஒண்ணும் ஆகலப்பா” என்று அவள் அழ அழ, “முன்னெச்சரிக்கை” என்று கட்டிவிடுவார். ஒரு காலத்தில் நாங்கள் மூன்று பேரும் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தோம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட பஸ் திருப்பத்தில் கவிழ்ந்தது. இருபத்தாறு பிள்ளைகள். காலை பத்தரைக்கு ஆரம்பித்து மாலை ஏழு வரை இவர் முப்பத்தோரு கட்டுப் போட்டார். சிலருக்கு இரண்டு. யாரும் சாகவில்லை. ஆறு வாரம் கழித்து எல்லாக் கட்டையும் இவரே வெட்டி எடுத்தார். எல்லாப் பிள்ளைகளும் நடந்தார்கள், ஓடினார்கள், அதில் ஒன்று இவருடைய கத்தரிக்கோலையும் தூக்கிக்கொண்டு ஓடியது.

ஆனால் அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் போயிற்று. படுப்பார், கண்ணை மூடுவார். நெஞ்சின் மேல் இரண்டு கையும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே இருக்கும், பட்டை சுற்றுவது போல. “என்னங்க, மனசுல என்ன இருக்கு, சொல்லுங்களேன்” என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். ஒரே பதில்தான்.

“யாரும் சாகலியேம்மா. செத்தவங்களைப் பாத்தவங்க எல்லாம் தூங்குறாங்க. எனக்கு என்ன கேடு?”

மூன்று வாரத்துக்கு முன்னால் அது நடந்தது. ஒருவருக்கு வலது காலில் முறிவு. இவர் அசந்துபோய் இடது காலுக்கு அருமையான கட்டு ஒன்று போட்டுவிட்டார். எலும்பு டாக்டர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். “நீங்களாவது சொல்லக் கூடாதா?” என்று நோயாளியைக் கேட்டால் அவர், “இல்லீங்க, சார் அனுபவசாலி. நல்ல காலை முதல்ல பத்திரப்படுத்துறாருன்னு நெனச்சேன்” என்கிறார். ஆஸ்பத்திரியே விழுந்து விழுந்து சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. நேராகப் போய், தன்னைத் துணிக்கிடங்குக்கு மாற்றும்படி சூப்பிரண்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

“ரெண்டு கால் இருக்குற இடத்துல இனிமே நான் இருக்கக் கூடாது” என்றார் என்னிடம். “பெட்ஷீட்டுக்கு இடதும் இல்ல, வலதும் இல்ல.”

துணிக்கிடங்கு ஒன்றும் கெட்ட இடமில்லை. ஜன்னல் இருக்கிறது, மின்விசிறி ஓடுகிறது. ஆனால் யாரையும் திட்ட முடியாது, யார் வலியும் குறையாது, போட்ட வேலையைத் தட்டிப் பார்த்துத் தலையாட்ட முடியாது. இந்த மனிதர் அங்கே ஒரு வருடம் இருந்தால், மடித்து வைத்த போர்வை மாதிரிதான் வீட்டுக்கு வருவார். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். அந்த மூன்று வாரமும் எங்கள் வார்டில் ஒரு நோயாளிகூடப் போர்வையைக் கலைத்துப் போடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். ‘ஊழியர் மன அழுத்தம் குறைக்கும் கலை நேரம். வியாழன் 2 முதல் 3 வரை. பழைய எக்ஸ்ரே அறை. வருகை கட்டாயமில்லை. வந்தவர்கள் கையெழுத்திட வேண்டும்.’ அந்த வருடத்தில் மட்டும் ஒன்பது பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். மேலிடத்தில் யாரோ கணக்குப் போட்டு, எங்களுக்கு வண்ணம் தேவை என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

நடத்த வந்தவர் ஓவிய டீச்சர். சின்னப் பெண், தோளில் தொங்கிய பை அவரைவிடக் கனம். முதல் வியாழன் தாளும் வண்ணமும் கொடுத்து, “மனசுல என்ன தோணுதோ அதை வரையுங்க. சரி தப்பு எதுவும் கிடையாது” என்றார். சரி தப்பு கிடையாது என்று இருபது வருடத்தில் எங்களிடம் யாரும் சொன்னதில்லை. தலைகால் புரியவில்லை.

தலைமை சிஸ்டர் ஒரு பூ வரைந்தார். அவர் நடந்தால் வராந்தா தானாகவே சுத்தமாகிவிடும், அப்படிப்பட்டவர். பூவுக்குக் கீழே தேதி, நேரம் போட்டு, ‘இதழ் ஐந்து. நிறம் சிவப்பு. வீக்கம், கசிவு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மயக்க டாக்டர், அதாவது ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிறவர், தாளின் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்தார். கடற்கரை வரையலாம் என்று நினைத்தாராம். பக்கத்தில் இருந்த தீவிர சிகிச்சை நர்ஸ், நாளெல்லாம் இதயத்துடிப்புத் திரையையே பார்க்கிறவள், “சார், கோடு நேரா போகுது சார்!” என்று அலறி எழுந்தாள். அவரும் பதறிப்போய் அவசர அவசரமாக மேடும் பள்ளமுமாக நாலு வளைவு போட்டார். கடல் மலையாகிவிட்டது. எல்லோருக்கும் உயிர் வந்தது.

சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. அதே சமயம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இதற்கு வர வேண்டிய ஆள் இரண்டு அறை தள்ளி உட்கார்ந்து பட்டை சுருட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால், “எனக்கு என்ன கேடு” பாட்டுதான்.

அடுத்த வாரம் என்ன என்று டீச்சரைக் கேட்டேன். முகமூடி என்றார். மாவுக்கட்டுப் பட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி, அவரவர் முகத்தின் மேலேயே ஒட்டி அச்செடுத்து, காய்ந்ததும் வண்ணம் பூசுவதாம். எனக்குச் சட்டென்று வழி தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை இரண்டு மணிக்கு மாவுக்கட்டு அறை வாசலில் நின்று, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னேன்.

“அந்த டீச்சர் கட்டுப் போடுற பட்டையைக் கொதிக்கிற தண்ணில நனைக்கப் போறாங்களாம். எனக்கென்ன வந்துச்சு.”

அடுத்த நொடி என்னைத் தாண்டி ஓடினார். சூடான தண்ணீரில் நனைத்தால் மாவு வெடுக்கென்று இறுகும், தோலைச் சுட்டுவிடும். அது அவருக்கு உயிர்நாடியில் கைவைப்பது மாதிரி. டீச்சர் பாவம், குழாய்த் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்து வைத்துக்கொண்டு சாதுவாக நின்றிருந்தார்.

“எங்க கொதிதண்ணி?”

“அப்படி எதுவும் இல்லீங்களே.”

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஆனால் அதற்குள் டீச்சர் பட்டையை வெட்டி வைத்திருந்த லட்சணம் இவர் கண்ணில் பட்டுவிட்டது. அவ்வளவுதான், கத்தரிக்கோல் கைமாறியது.

“தலைக்குத் தொப்பி போடுங்க. புருவத்துக்கு வாஸ்லின் நெறய. நெறயன்னா நெறய! மூக்கு ரெண்டும் திறந்திருக்கணும். மூக்கை அடைச்சா அது கலை இல்ல, கொலை. டாக்டர், பல்லைக் காட்டாதீங்க, மாவு உள்ள போயிடும்.”

எட்டுப் பேரை ஸ்ட்ரெச்சரிலும் பரிசோதனை மேசையிலுமாக வரிசையாகப் படுக்கவைத்து, முகம் முகமாக ஒட்டிக்கொண்டே போனார். டீச்சரும் நானும் கிண்ணம் பிடித்தோம். ஒவ்வொரு நெற்றியிலும் பேனாவால் தேதி போட்டார். பழக்கதோஷத்தில் கடைசியாக எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

“நனைக்காதீங்க. வீக்கமோ மரமரப்போ இருந்தா உடனே வாங்க. இல்லன்னா ஆறு வாரம் கழிச்சு வந்தா போதும்.”

“ஐயோ சார், பதினஞ்சு நிமிஷம்!” என்றார் டீச்சர்.

முகமூடிகளுக்குள் சிரிக்க முடியாமல் எட்டு வயிறும் குலுங்கின. பிறகு அடங்கியது. இறுகும்போது மாவு தானாகவே இளஞ்சூடாகும். கண்ணுக்கு மேல் அந்தச் சூடும், லேசான பாரமும், இருட்டும். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, எழுந்து ஓட முடியாது. இவர்களெல்லாம் பதினைந்து நிமிடம் அசையாமல் படுத்து எத்தனை வருடமாயிற்றோ. மூன்றாவது நிமிடம் ஒரு குறட்டை கேட்டது. ஐந்தாவது நிமிடம் எட்டுப் பேரும் தூங்கிவிட்டார்கள்.

கதவு திறந்தது. சூப்பிரண்டு.

கலை நேரத்தால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று பார்க்க வந்தவர். மங்கிய விளக்கில் எட்டு உடல்கள், எட்டு வெள்ளை முகங்கள், ஒரு சத்தமில்லை. நெற்றியில் தேதி வேறு. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“எத்தனை பேர்?” என்றார் கம்மிய குரலில்.

“எட்டு பேர் சார்” என்றார் என் வீட்டுக்காரர், பெருமையாக.

“எங்க ஆக்சிடென்ட்? எனக்கு ஏன் சொல்லல? ரத்த வங்கிக்குத் தகவல் போயாச்சா?”

“ரத்தமெல்லாம் வேணாம் சார். மூஞ்சி மட்டுந்தான்.”

சூப்பிரண்டு சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மூன்றாவது உடல் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, வெள்ளை முகத்தை அவர் பக்கம் திருப்பி, மயக்க டாக்டரின் குரலில், “டீ வந்துடுச்சா?” என்று கேட்டது. சூப்பிரண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தத்தில் மற்ற ஏழும் எழுந்தன. தலைமை சிஸ்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய முகமூடி மூக்கிலிருந்து தாடை வரை விரிசல் விட்டது. அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். தீவிர சிகிச்சை நர்ஸ் சிரித்துக்கொண்டே விக்கினாள், விக்கிக்கொண்டே சூப்பிரண்டுக்கு நாடி பிடித்தாள்.

பயந்துபோன மேலதிகாரியைவிட மோசமான ஆள் கிடையாது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் சூப்பிரண்டுக்குக் கோபம் பொங்கியது. “இன்னையோட இந்தக் கூத்தை நிறுத்துங்க. வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு, அவ்வளவுதான்.” அப்புறம் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “துணிக்கிடங்கு கேட்டு எழுதினது நீங்கதானே? சரி. திங்கக்கிழமையிலேர்ந்து அங்க போயிடுங்க.”

இவர் தலையாட்டினார். கையிலிருந்த மாவை பழந்துணியில் துடைக்க ஆரம்பித்தார். கொஞ்சம் முன்னால் எட்டுப் பேரை அதட்டிக்கொண்டிருந்த மனிதரா இது என்று எனக்குப் பயம் வந்தது. உடனே கோபம் வந்தது. இந்த முறை நல்ல நேரத்தில் வந்தது.

“சார், இன்னும் ஒரு முகம் பாக்கி” என்றேன். “இவருக்குப் போடல.”

“அதெல்லாம் வேணாம்மா” என்றார் இவர்.

“படுங்க.”

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். இவர் படுத்தார். சூப்பிரண்டுகூடக் கடிகாரத்தைப் பார்த்து, “மூணு மணி வரைக்கும்தான்” என்றார்.

எனக்கு ஊசி போடத் தெரியும், மருந்து கட்டத் தெரியும். மாவு வேலை தெரியாது. படுத்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார். “பட்டையை நல்லா பிழி. அவ்வளவு பிழியாத. ஓரத்தை மடி. சுருக்கம் விழுது பாரு, தடவு. உள்ளங்கையால தடவும்மா, விரலால அமுக்கினா குழி விழும்…” வாய் ஓயவில்லை என்பதால் வாயைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். நெற்றி போட்டேன். கன்னம் போட்டேன். கண்ணின் மேல் பஞ்சு வைத்துப் பட்டை போட்டேன். நெஞ்சின் மேல் அவர் கைகள் வழக்கம்போல் சுற்றிக்கொண்டிருந்தன. முகமூடியைக் கழற்றிவிட்ட எட்டுப் பேரும் முகமெல்லாம் வெள்ளையாகச் சுற்றி நின்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

“அடுத்தது தாடை. தாடைக்கு ரெண்டு… ரெண்டு அடுக்கு…” என்றார்.

காத்திருந்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. கைகளைப் பார்த்தேன். நின்றிருந்தன. ஒன்றின் மேல் ஒன்று சும்மா கிடந்தன. வாய் லேசாகத் திறந்து, உள்ளேயிருந்து குறட்டை வந்தது. இருபது வருடமாக என்னைத் தூங்கவிடாமல் செய்த அதே குறட்டை. எட்டு மாதமாக நான் கேட்காதது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் கூடவே வந்தது.

மணி மூன்றானது. “எழுப்புங்க” என்றார் சூப்பிரண்டு.

“எழுப்பினா பத்தாவது ராஜினாமா என்னோடது சார்” என்றார் தலைமை சிஸ்டர், மெதுவாக.

சூப்பிரண்டு திகைத்துப்போனார். “என்னதான் ஆச்சு இவருக்கு?” என்று என்னைக் கேட்டார். சொன்னேன். பஸ், முப்பத்தோரு கட்டு, சுற்றுகிற கைகள், யாரும் சாகலியே என்ற பேச்சு, எல்லாவற்றையும் சொன்னேன்.

“எனக்கும்தான்” என்றார் தலைமை சிஸ்டர். “பள்ளிக்கூட பஸ் ஹார்ன் கேட்டா நான் பாத்ரூம்ல போய் நின்னுக்குவேன். யார்கிட்ட சொல்றது? எல்லாப் புள்ளைங்களும்தான் நல்லா வீட்டுக்குப் போயிடுச்சே.”

“நான் அன்னைக்குப் பதினேழு புள்ளைங்ககிட்ட ‘பத்து வரைக்கும் எண்ணு கண்ணு’ன்னு சொன்னேன்” என்றார் மயக்க டாக்டர். “இப்ப படியேறினா எண்ணுறேன். பல் தேய்ச்சா எண்ணுறேன். நாலுக்கு மேல எந்தப் புள்ளையும் எண்ணல. எனக்கு நாலு தாண்டினா மூச்சு முட்டுது.”

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அன்று எல்லோரும் டியூட்டியில்தான் இருந்திருக்கிறோம். எட்டு மாதமாக ஒரே வராந்தாவில் எதிரும் புதிருமாக நடந்திருக்கிறோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெள்ளைப் பொட்டும் வாஸ்லினுமாக நின்று இதையெல்லாம் சொல்வது பார்க்கச் சிரிப்பாக இருந்ததால், நடுநடுவே சிரித்தோம். சிரிப்பு வந்ததால்தான் சொல்லவும் முடிந்தது. சூப்பிரண்டு மட்டும் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போகவும் இல்லை.

இவர் தூங்கிய நேரத்தில் வந்தவர்களுக்கு எலும்பு டாக்டரே மூன்று கட்டுப் போட வேண்டியதாயிற்று. மூன்றும் கோணல் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். இவர் ஐந்து இருபதுக்கு எழுந்தார். முகத்தைச் சுருக்கினார், முகமூடி கழன்று கையில் விழுந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தாடையே போடல. என்ன வேலைம்மா இது?” என்றார். அப்புறம்தான் சுற்றி நின்றவர்களையும் கடிகாரத்தையும் பார்த்தார். “மணி அஞ்சரையா? நான்… தூங்கிட்டனா?”

யாரும் பதில் சொல்வதற்குள் சூப்பிரண்டு எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இவர் இறங்கிய ஸ்ட்ரெச்சரில் ஏறி, காலணியோடு மல்லாந்து படுத்தார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. பஸ் கவிழ்ந்த அன்று, கையில் பெயர்ப் பட்டியலோடு வாசலில் நின்று, ஓடிவந்த ஒவ்வொரு தாய்தகப்பனுக்கும் பதில் சொன்னவர் சூப்பிரண்டுதான். யார் உயிரோடிருக்கிறார்கள் என்று அவருக்கே முழுதாகத் தெரியாத நேரம் அது.

என் வீட்டுக்காரர் கிண்ணத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டு வந்தார். புருவத்தில் வாஸ்லின் தடவினார். பட்டையை நனைத்தார், பிழிந்தார், நெற்றியிலிருந்து ஆரம்பித்து ஒரு சுருக்கமில்லாமல் இறக்கிக்கொண்டே வந்தார்.

“அப்ப… திங்கக்கிழமை துணிக்கிடங்குக்கு…” என்று சூப்பிரண்டு ஆரம்பித்தார்.

“பேசாதீங்க சார், மாவு இறுகுற நேரம்” என்று சொல்லிவிட்டு, அடுத்த பட்டையை எடுத்து அவர் வாயின் மேல் போட்டு, உள்ளங்கையால் நிதானமாகத் தடவிவிட்டார்.